ஓட்டு எந்திரமும் சந்தேகம் பயிலும் வகுப்பறையும்

1

மின்னணு ஓட்டு எந்திரம் குறித்து நம்மிடையே இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று அரசின் பேச்சு: ‘எந்திரத்தை யாரும் எதுவும் செய்ய முடியாது, நம்புங்கள்’. மற்றது தோற்ற கட்சிகளின் பேச்சு: ‘மெஷின்ல கை வச்சிட்டானுங்க’. முதல் பேச்சு எந்திரத்தைச் சாமியாக்குகிறது. இரண்டாவது பேச்சு அதைப் பேயாக்குகிறது. சாமியானாலும் பேயானாலும் கிட்டே போய்த் திறந்து பார்க்கிற வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது. தோற்றபோது கத்திய கட்சி அடுத்த தேர்தலில் ஜெயித்தால் அதே எந்திரத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. அது கட்சி அலுவலகத்திலோ தேர்தல் ஆணையத்திலோ உருவானதல்ல, வகுப்பறையில் உருவானது. கணிப்பொறிப் பாதுகாப்பு என்கிற பாடத்தைச் சொல்லிக்கொடுக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தேர்தலை எடுத்துக்கொண்டார்கள். அந்த வகுப்புகள் என்ன சொல்லிக்கொடுத்தன, அவற்றிலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம். கணிப்பொறி என்றதும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் குடம் வைத்துச் சீட்டு எடுக்கிற கணக்குதான்.

முதலில் ஒரு கேள்வி. ஏன் தேர்தல்? பாங்கை எடுத்துக்கொண்டிருக்கலாமே? பாங்கில் போட்ட பணம் குறைந்தால் பாஸ்புக்கைப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் உங்கள் பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதனால்தான் தப்பைக் கண்டுபிடிக்க முடிகிறது. ஓட்டில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. இருந்தால் ஊர்ப் பெரிய மனிதர் கேட்பார், முதலாளி கேட்பார், காசு கொடுத்தவன் வந்து கேட்பான். போட்ட ஓட்டு போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் யாருக்குப் போட்டீர்கள் என்பதை, நீங்களே ஆசைப்பட்டாலும், இன்னொருவரிடம் நிரூபிக்க முடியக் கூடாது. நிரூபிக்க முடிந்தால் ஓட்டை விற்கவும் முடியும். நிரூபித்துக் காட்டு என்று மிரட்டவும் முடியும்.

ஆக ரகசியமும் வேண்டும், சரிபார்க்கவும் முடிய வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. கணிப்பொறிப் பாதுகாப்பில் இவ்வளவு கறாரான முரண் வேறு எங்கும் அகப்படுவதில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பாங்கில் எதிரி வெளியிலிருந்து வருகிற திருடன் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்தலில் எந்திரத்தைச் செய்தவன், வாங்கியவன், பூட்டி வைத்திருப்பவன், எண்ணுகிறவன் எல்லோருமே முடிவில் அக்கறை உள்ளவர்களாக இருக்கக்கூடும். யாரையும் நம்பாமல் ஒரு காரியத்தை எப்படி எல்லோரும் நம்பும்படி செய்வது? ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

2

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் இருக்கிறது ரைஸ் பல்கலைக்கழகம். அங்கே கணிப்பொறிப் பாதுகாப்பு கற்பித்த டான் வாலக் தம் வகுப்புக்கு ஒரு பயிற்சி வைத்தார். ‘ஹேக்-எ-வோட்’ என்று பெயர். ஓட்டு எந்திரத்தைப் போல இயங்குகிற ஒரு சின்ன மென்பொருளை எழுதி மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஜாவா மொழியில் ஏறக்குறைய 2000 வரிகள். மாணவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்துகொள்வார்கள்.

முதல் கட்டத்தில் எல்லோரும் திருடர்கள். நீங்கள் எந்திரம் தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள்; தேர்தல் முடிவை மாற்றும்படி நிரலுக்குள் எதையாவது ஒளித்து வையுங்கள்; ஆனால் இதைத் தணிக்கை செய்யப் போகிறார்கள் என்பதை மறக்காதீர்கள். இதுதான் வேலை. இரண்டாம் கட்டத்தில் நிரல்கள் கைமாறும். திருடனாக இருந்தவனே இப்போது தணிக்கையாளன். அடுத்த குழு ஒளித்து வைத்ததை அவன் தேடிப் பிடிக்க வேண்டும்.

மாணவர்கள் ஒளித்தவற்றில் பெரும்பாலானவை பிடிபட்டன. எல்லாம் பிடிபடவில்லை. இந்தக் கடைசி வாக்கியம்தான் அந்த வகுப்பின் சாரம். தேடியவர்களுக்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். நிரலும் சின்னது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவர்களும் அதே திருட்டைச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு சாதகம் இருந்தும் சிலது தப்பிவிட்டது. வாலக்கும் அவருடைய மாணவர்களும் 2004இல் இதைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள்.

வகுப்பறை நிரல் 2000 வரி. நிஜ எந்திரம் எவ்வளவு? அமெரிக்காவில் டீபோல்ட் என்கிற கம்பெனியின் ஓட்டு எந்திர நிரல் 2003இல் பாதுகாப்பில்லாத ஓர் இணைய தளத்தில் கிடந்து வெளியே வந்தது. ஏறத்தாழ 50,000 வரிகள். வாலக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். ஓட்டுகளைப் பூட்டி வைக்கிற ரகசியச் சாவி நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எல்லா எந்திரத்துக்கும் ஒரே சாவி. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவது மாதிரி. அதுவரை அந்தக் கம்பெனி சொல்லி வந்ததும் ‘சோதித்தாகிவிட்டது, நம்புங்கள்’ என்பதுதான். தணிக்கைச் சான்றிதழ் அதனிடமும் இருந்தது.

இதில் இன்னும் ஆழமான பாடம் ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் ஒன்றைச் செய்து காட்டினார். நிரலை வரிவரியாகப் படித்து ‘சுத்தம்’ என்று சொன்ன பிறகும், அந்த நிரலை எந்திர மொழிக்கு மாற்றுகிற கருவிக்குள் திருட்டு இருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. மாற்றும் கருவியையும் படித்துப் பார்க்கிறேன் என்றால், அதை மாற்றிக் கொடுத்த கருவிக்குள் இருக்கலாம். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். நீங்களே முழுக்க முழுக்கச் செய்யாத எதையும் படித்துப் பார்த்து மட்டும் நம்பிவிட முடியாது என்பது அவர் முடிவு. பிரதியைப் படிப்பதன் எல்லை குறித்து நம் விமர்சகர்கள் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்கள். ஒரு பொறியாளர் சில பக்கங்களில் அதைச் செய்து காட்டிவிட்டார்.

3

இந்தப் பாடத்தின் பாலபாடம் ஒரே ஒரு கேள்வி. எதிரி யார்? பூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் திருடனைப் பற்றிப் பேசு என்பார்கள். அவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், அவன் கைக்கு எது எட்டும், எவ்வளவு நேரம் கிடைக்கும்? இதற்குப் பதில் சொல்லாமல் ‘பாதுகாப்பானது’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு நம்முடைய எந்திரத்துக்கு வருவோம். பொதுத்துறை நிறுவனங்களான பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஈ.சி.ஐ.எல்.லும் இதைத் தயாரிக்கின்றன. பாரத் எலக்ட்ரானிக்ஸில் இதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த எஸ். ரங்கராஜன் நமக்கு வேறு பெயரில் அறிமுகமானவர்: எழுத்தாளர் சுஜாதா. அவர் கதைகள் குறித்துச் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ சண்டை நடந்தது. கோடிக்கணக்கான பேர் விரல் வைத்த இந்தப் படைப்பு குறித்து நாம் ஒரு விமர்சனமும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அந்த எந்திரத்துக்கு ஒரு தெளிவான எதிரி இருந்தான். ஆளும் தடியுமாகச் சாவடிக்குள் புகுந்து கட்டுக் கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிறவன். எந்திரம் நிமிடத்துக்குச் சில ஓட்டுகளுக்கு மேல் வாங்காது. சாவடியைக் கைப்பற்றினாலும் போலீஸ் வருவதற்குள் குத்தக்கூடியது கொஞ்சம்தான். அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவும் நின்றுவிடும். காகித ஓட்டை ஒரு பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 1996இல் மேலவளவில் ஓட்டுப் பெட்டிகளையே தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு நடந்த தேர்தலில் வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மேலும் 5 பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அங்கே எதிரிக்குக் கணிப்பொறி எதுவும் தேவைப்படவில்லை.

ஆக அந்த எதிரிக்கு எதிராக இந்த எந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. வகுப்பறையின் அடுத்த கேள்வி: வேறு எதிரிகள்? உள்ளே இருப்பவன்? தயாரிப்பிலும் பராமரிப்பிலும் கிடங்கிலும் கை எட்டுகிறவன்?

2010இல் ஐதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத், மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஜே. அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்க்ரைப் ஆகியோர் சேர்ந்து ஓர் இந்திய எந்திரத்தைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு காரியங்களைச் செய்து காட்டினார்கள். முடிவைக் காட்டுகிற பலகையைக் கழற்றிவிட்டு, பார்க்க அதே மாதிரி இருக்கிற வேறு பலகையை மாட்டினார்கள். எந்திரம் சரியாகவே எண்ணும். பலகை பொய் சொல்லும். யாருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்பதைச் செல்போனிலிருந்து சொல்லலாம். இரண்டாவது, ஓட்டுகள் பதிந்திருக்கிற நினைவுச் சில்லின் மேல் கிளிப் மாதிரி ஒன்றைக் கவ்வ வைத்து, உள்ளே இருந்த ஓட்டுகளை மாற்றினார்கள்.

இதற்கு எந்திரத்தைக் கையில் எடுத்துத் திறந்தாக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து இணையத்தின் வழியாகச் செய்துவிட முடியாது. இந்த எந்திரம் எதனோடும் வலை இணைப்பில் இல்லை என்று ஆணையம் சொல்வது சரிதான். ஆனால் கிடங்கில் சாவி வைத்திருக்கிறவருக்கு வலை இணைப்பு எதற்கு?

அந்த எந்திரம் அரசுக் கிடங்கிலிருந்து திருடப்பட்டது என்று வழக்குப் போட்டார்கள். 2010 ஆகஸ்டு 21 அன்று ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் பிணை கிடைத்தது. எந்திரத்தை யார் கொடுத்தார்கள் என்பதே விசாரணையின் மையக் கேள்வியாக இருந்தது. எந்திரத்தில் என்ன குறை என்பது பின்னால் போய்விட்டது.

மூன்றாவது எதிரியைப் பற்றி நகரத்து விவாதங்களில் பேச்சே வருவதில்லை. அவன் எந்திரத்தைத் தொடுவதே இல்லை. முடிவு வெளியான பிறகு வாக்குச்சாவடி வாரியான பட்டியலை வாங்கிப் படிக்கிறான், அவ்வளவுதான். ஒவ்வொரு எந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுவதால் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அப்படியே தெரிந்துவிடுகிறது. சேரிக்கு என்று ஒரு சாவடி இருந்தால் சேரி யாருக்குப் போட்டது என்பதும் தெரிந்துவிடும். தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியமில்லை. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு வராது, வேலை யாருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் தெருவாரியாகத்தானே நடக்கிறது?

காகிதச் சீட்டு இருந்த காலத்தில், மிரட்டல் இருக்கும் என்று ஆணையம் கருதினால் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண விதி இடம் கொடுத்தது. அதையே எந்திரத்திலும் செய்ய ‘டோட்டலைசர்’ என்ற கருவி உண்டு. 14 எந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும். 2008இல் ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. 2017இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் இதை எதிர்த்தது. எதிரி யார் என்ற கேள்வியைச் சேரியிலிருந்து கேட்டால் பதில் வேறாக வருகிறது. ஆனால் அந்த இடத்திலிருந்து கேட்கிறவர்கள் பாதுகாப்பு குறித்த விவாதத்துக்குள் அழைக்கப்படுவதே இல்லை.

4

‘முடிந்தால் உடைத்துப் பார்’ என்று சவால் விடுவதும் ஒரு சோதனைதானே என்று சிலர் கேட்பார்கள். சோதனைதான். எப்படிப்பட்ட சவால் என்பதைப் பொறுத்தது அது. இரண்டு சவால்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2010இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் நிர்வாகம், வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்கள் இணையம் வழியாக ஓட்டுப் போட ஓர் ஏற்பாடு செய்தது. நவம்பர் தேர்தலுக்கு முன்னால் அதைப் பொதுவில் திறந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வந்து தாக்கிப் பார்க்கலாம் என்று அறிவித்தது. ஹால்டர்மனும் அவருடைய மாணவர்களும் வந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் ஏற்பாடு முழுவதும் அவர்கள் கைக்குள். நுழைந்த வழி மிகச் சின்னது. வாக்காளர் அனுப்புகிற கோப்பின் பெயருடைய கடைசிப் பகுதியை நிரல் சரியாகச் சோதிக்கவில்லை. அந்த இடத்தில் ஒற்றை மேற்கோள் குறி போட்டிருந்தால் தப்பியிருக்கும். இரட்டைக் குறி போட்டிருந்தார்கள்.

போடப்பட்ட ஓட்டுகளையெல்லாம் மாற்றினார்கள். இனி போடப்போவதும் மாறும்படி செய்தார்கள். ஓட்டுப் போட்டு முடித்ததும் வருகிற நன்றிப் பக்கத்தில் தங்கள் பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படியும் வைத்துவிட்டு வந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அதிகாரிகளுக்கு விஷயம் தெரிய ஏறக்குறைய இரண்டு வேலை நாள் ஆயிற்று. அதுவும் அந்தப் பாட்டு என்ன என்று யாரோ விசாரித்த பிறகு. சோதனைக் கணிப்பொறிக்குள் இன்னொன்றும் கிடைத்தது. நிஜத் தேர்தலுக்காக 937 வாக்காளர்களுக்கு அனுப்பிய கடிதங்கள், அவர்களுடைய ரகசிய எண்களோடு. நிர்வாகம் அந்த இணைய ஓட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. யாரும் கைதாகவில்லை.

இங்கே 2017 ஜூனில் நம் தேர்தல் ஆணையம் ஒரு சவால் விட்டது. கட்சிகள் வந்து எந்திரத்தை மாற்றிக் காட்டலாம். ஆனால் உள்ளே இருக்கிற மின்சுற்றில் கை வைக்கக் கூடாது. இரண்டே கட்சிகள் வந்தன: தேசியவாத காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும். இருவரும் உடைக்க வரவில்லை, செயல்முறையைத் தெரிந்துகொள்ள வந்தோம் என்றார்கள். உடைக்க முடியவில்லை என்று அறிவித்து விஷயத்தை முடித்தார்கள். ரைஸ் வகுப்பில் இதைத் தணிக்கை என்று எழுதிக் கொடுத்தால் தேறுவது கஷ்டம். திருடன் எந்த வழியாக வர வேண்டும் என்று வீட்டுக்காரர் விதி எழுதிவிட்டு, அந்த வழியாக யாரும் வரவில்லை, ஆகவே வீடு பத்திரம் என்கிறார்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். மாற்ற முடியும் என்று காட்டுவது வேறு, மாற்றினார்கள் என்று காட்டுவது வேறு. ஹரி பிரசாத்தும் நண்பர்களும் செய்து காட்டியது முதலாவதை. இன்ன தேர்தலில் எந்திரத்தைத் திருத்தி முடிவை மாற்றினார்கள் என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபணமாகவில்லை. நம் ஆட்கள் மேடையில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அப்படி ஆக்கும்போது, கேள்வி கேட்கிறவன் எல்லோரும் தோல்வியைத் தாங்க முடியாதவன் என்று சொல்ல அரசுக்கு வசதியாகிவிடுகிறது.

5

சரி, தாம்சன் சொன்னபடி நிரலைப் படித்தும் நம்ப முடியாது, சவாலும் போதாது என்றால் என்னதான் வழி? வகுப்பறை சொன்ன பதில் எளிமையானது: எந்திரத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி தேர்தலை அமையுங்கள்.

ரொனால்ட் ரிவெஸ்டும் ஜான் வாக்கும் 2006இல் இதை ஒரு வரையறையாக எழுதினார்கள். மென்பொருளில் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிழையோ திருட்டோ இருக்கலாம். அது முடிவையும் மாற்றிவிடலாம். ஆனால் அந்த மாற்றம் கண்டுபிடிக்க முடியாததாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. எந்திரம் யோக்கியமா என்று கேட்பதை விட்டுவிடுகிறோம். அயோக்கியத்தனம் செய்தால் வெளியே தெரியுமா என்று கேட்கிறோம். அப்படித் தெரிய வேண்டுமானால் வாக்காளர் தன் கண்ணால் பார்த்த ஒரு சாட்சியம் எந்திரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அது காகிதம்தான். கணிப்பொறியில் கரைகண்டவர்கள் கடைசியில் காகிதம் கேட்டது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றியது.

ஐரோப்பாவில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார்கள். நெதர்லாந்தில் கோங்க்ரைப்பும் நண்பர்களும் 2006இல் நெடாப் கம்பெனியின் ஓட்டு எந்திரத்தைத் திறந்து அதைச் சதுரங்கம் ஆட வைத்தார்கள். ஓட்டு வாங்குவதைத் தவிர வேறெதையும் அது செய்யாது என்ற பேச்சுக்கு அது பதில். ஒரு கட்சியின் பெயரில் மேற்குறியோடு கூடிய எழுத்து இருந்ததால், அந்தக் கட்சிக்குப் போடும்போது எந்திரத்தின் திரை வெளியிடும் ரேடியோ அலை மாறியது. வெளியே ரேடியோ வைத்திருந்தவர் அதைக் கேட்க முடிந்தது. ஓர் எழுத்தின் மேலிருந்த சின்னக் கோடு ஓட்டு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தது. 2008இல் அந்த நாடு காகித ஓட்டுக்குத் திரும்பியது.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்தது. தேர்தலின் முக்கியமான கட்டங்கள் ஒவ்வொன்றையும் சாதாரணக் குடிமகன், தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாமலே, சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. நம் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்திரத்தில் திருட்டு நடந்ததா என்பதற்குள்ளேயே அந்தத் தீர்ப்பு போகவில்லை. வல்லுநர் பார்த்துச் சரி என்றால் போதுமா என்று கேட்டு, போதாது என்று சொன்னது. அறிவு ஒரு சிலர் கையில் குவிந்தால் அதிகாரமும் அங்கேதான் குவியும் என்று நாம் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியாயிற்று. ஒரு நீதிமன்றம் அதை ஓட்டு எந்திரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. தேர்தல் என்பது ஜெயித்தவர் யார் என்று சொல்வதற்கு மட்டுமல்ல. தோற்றவருக்கும் அவருக்கு ஓட்டுப் போட்டவருக்கும் ‘ஆமாம், தோற்றுத்தான் போனோம்’ என்று விளங்கியாக வேண்டும். ஜெயித்தவரை நம்ப வைக்க எந்த எந்திரமும் போதும்.

இந்தியாவிலும் காகிதம் வந்தது. 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்புகைச் சீட்டு அவசியம் என்றது. நாம் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 வினாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறதே, அதுதான். சாட்சியம் கிடைத்துவிட்டது. ஆனால் சாட்சியை விசாரிக்க வேண்டுமே? 2019 ஏப்ரலில், ஒரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கு 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

முன்னே சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. ஒரு தொகுதியில் 250 சாவடி என்று வைத்துக்கொள்வோம். குடத்தில் 250 சீட்டு போட்டு 5 எடுக்கிறோம். 125 சாவடிகளில் திருட்டு நடந்திருந்தால் எடுத்த ஐந்தும் நல்ல சாவடியாக அமைவது நூற்றுக்கு 3 தடவைதான். பிடித்துவிடலாம். ஆனால் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் முடிவாகிற தொகுதியில் 125 சாவடி எதற்கு? ஐந்தே சாவடிகளில் கை வைத்தால் போதும். அப்போது எடுத்த ஐந்திலும் அவை ஒன்றுகூட வராமல் போவதற்கு நூற்றுக்கு 90 வாய்ப்பு இருக்கிறது. ஆகவே எத்தனை எண்ணுவது என்பது வித்தியாசத்தைப் பொறுத்து மாற வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் கொஞ்சம் எண்ணினால் போதும். இழுபறி என்றால் நிறைய எண்ண வேண்டும். தேவைப்பட்டால் முழுக்க எண்ண வேண்டும். புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் வகுத்த தணிக்கை முறை இந்த அடிப்படையில் அமைந்ததுதான். கொலராடோ மாநிலம் 2017இல் மாநிலம் முழுக்க அதை நடத்தியது. எல்லா இடத்திலும் 5 என்பது நிர்வாகத்துக்குச் சுலபம். தோற்றவருக்கு அதில் விளங்குவது குறைவு.

எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. கூடவே ஒரு வழி திறந்துவிட்டது. 2ஆம், 3ஆம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத எந்திரங்களின் சில்லுகளைச் சோதிக்கலாம். தோற்றவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் சோதிக்கப் போகிறவர்கள் யார்? எந்திரத்தைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளர்கள். ஹேக்-எ-வோட் பயிற்சியில் நிரல்களைக் கைமாற்றிக் கொடுத்தது எதற்காக என்று யோசித்தால் இதில் என்ன இடிக்கிறது என்பது புரியும்.

6

போன வருஷம் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் நண்பர்கள் இருபது பேர் கூடி இந்த வகுப்பைக் கணிப்பொறி இல்லாமலே நடத்திப் பார்த்தோம். அடுத்த கூட்டத்தில் எந்த நாவலைப் பேசுவது என்று ஓட்டு. மூன்று நாவல்கள், துண்டுச் சீட்டு, ஓர் எவர்சில்வர் தூக்கு. நாலு பேர் திருடர்கள். யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. நாலு பேர் தணிக்கையாளர்கள். சீட்டைச் சரிபார்த்தார்கள், தூக்கைக் கவிழ்த்துக் காட்டினார்கள், மொத்தத்தை எண்ணினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு நாவலுக்குப் போட்டதில் ஐந்து செல்லாத ஓட்டு. எண்ணிய தோழர் நகத்துக்கடியில் பென்சில் முனையை ஒளித்து வைத்திருந்தார். பிடிக்காத சீட்டு கைக்கு வந்தால் இன்னொரு பெயருக்கு நேராகவும் ஒரு கோடு விழும். நாங்கள் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம், விரலைப் பார்க்கவில்லை.

இரண்டாம் சுற்றில் சீட்டை எண்ணுகிறவர் தொடுவதற்கு முன்பே ஒருவர் விரித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தோம். அப்போது கையெழுத்தையும் மடிப்பையும் வைத்து யார் எதற்குப் போட்டார்கள் என்று ஒருத்தர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. மூன்றாம் சுற்றில்தான் ஓரளவு எல்லோருக்கும் திருப்தி. நான் விரும்பிய நாவல் அதிலும் தோற்றது. ஆனால் தோற்றது எனக்கு விளங்கியது.

இதை எந்த வாசகர் வட்டத்திலும், சங்கத்திலும், பள்ளிக்கூடத்திலும் செய்யலாம். செய்து பார்த்தவர்கள் அடுத்த தேர்தலில் வேறு மாதிரி கேட்பார்கள். வாக்குப் பதிவு முடிந்ததும் சாவடியில் பதிவான மொத்த ஓட்டைக் குறித்து ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கிற தாள் ஒன்று உண்டு. படிவம் 17சி என்று பெயர். யாருக்கு எத்தனை என்பது அதில் இருக்காது, மொத்தம் மட்டும் இருக்கும். அந்த மொத்தமும் எண்ணிக்கை நாளில் அதே எந்திரம் காட்டுகிற மொத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். எந்திர எண், சீல் எண் குறித்து வைத்திருந்தால் ஒப்பிடலாம். எங்கள் பகுதியில் விசாரித்த வரைக்கும் பல ஏஜெண்டுகள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் சட்டை துவைக்கப் போய்விடுகிறது. ‘மெஷின்ல கை வச்சிட்டானுங்க’ என்று பிறகு அவர்களும் சேர்ந்துதான் சொல்கிறார்கள்.